சன்னச் சத்தம்

கீரனூருக்குள் நுழைந்ததிலிருந்து அந்தக் கார் ஒவ்வொரு வேகத்தடையிலும் அடிவயிறு உரசிக்கொண்டுதான் வந்தது. இரண்டே கதவு, இரண்டே சீட்டு. தரையோடு தரையாகப் படுத்துக்கிடக்கிற நீல நிற ஸ்போர்ட்ஸ் கார். பங்குனி வெயிலில் அதைப் பார்க்கவே கண் கூசியது. பஸ் ஸ்டாண்டுப் பக்கமிருந்து பள்ளிக்கூடப் பிள்ளைகள் கொஞ்ச தூரம் கூடவே ஓடிவந்தார்கள். திருச்சி ரோட்டில் செம்மலின் கார் ஆடியோ கடைக்கு முன்னால் அது வந்து நின்றபோது, எதிர் டீக்கடையில் இருந்த அத்தனை பேரும் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு எழுந்து பார்த்தார்கள்.

கடைக்கு மேலேதான் செம்மலின் வீடு. மொட்டைமாடியில் கொத்தவரங்காய் வத்தல் காயப்போட்டுக்கொண்டிருந்த மீனம்மாள் கைப்பிடிச் சுவரோரம் வந்து எட்டிப் பார்த்தாள். காரிலிருந்து குனிந்து வளைந்து வெளியே வருவது தன் மகன் நிலவழகன்தான் என்று தெரிந்ததும், முறத்தை அப்படியே போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

நிலவழகன் மீனம்மாளின் மூத்த மகன். செம்மலின் மனைவி இலக்கியாவுக்கு அண்ணன். சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் இளவயது முழுவதையும் தீர்த்துவிட்டு, போன ஐப்பசியில்தான் ஒரேயடியாக அரிமளத்துக்குத் திரும்பியிருந்தான். வந்த சூட்டோடு கோயம்புத்தூரில் யாரிடமோ இந்தப் பழைய காரை வாங்கினான். பொங்கல் முடிந்த கையோடு மீனம்மாள் ஒரு பையில் துணியை அடைத்துக்கொண்டு மகள் வீட்டுக்கு வந்துவிட்டாள். கேட்டதற்கு ஒரே பதில்தான் சொன்னாள்.

“அவன் எங்கிட்டப் பேச மாட்டேங்கிறான்டி. பேசாத புள்ளையோட ஒரு வீட்டுல எப்புடி இருக்க?”

காரணம் இருக்கிறது என்றுதான் இலக்கியாவும் நினைத்தாள். அப்பா முத்துராமன் இறந்தது இரண்டு வருஷத்துக்கு முன்னால். அப்போது நிலவழகனுக்கு அங்கே கம்பெனி மாறுகிற நேரம். கிளம்பி வந்தால் திரும்பப் போக முடியாது. எல்லாம் முடிந்த பிறகுதான் அவனுக்குச் சேதி சொன்னார்கள். போனில் அவன் கத்திய கத்து இலக்கியாவுக்கு இன்னும் மறக்கவில்லை. “எங்கப்பன் மூஞ்சியைக்கூடப் பாக்க விடாம பண்ணிட்டீங்களே!” அந்தக் கோபம் ஊருக்கு வந்தும் அவனுக்கு ஆறவில்லை என்பதுதான் எல்லாருடைய எண்ணமும்.

“வாங்க மச்சான்” என்று செம்மல் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான்.

“மாப்ள, இதுல பாட்டு சரியில்ல” என்றான் நிலவழகன். அவனுக்கு எப்போதுமே ஓங்கின குரல். “எங்கிட்டோ பக்கத்து ஊர்ல கொழாய் கட்டிப் பாடுற மாதிரி இருக்கு. நல்லதா ஒரு ஆம்ப்ளிபயர் போட்டு விடு. சும்மா அதிரணும்.”

“போட்ருவோம். எங்க வைக்கிறதுன்னு மொதல்ல பாக்கணும்.”

“டிக்கியில வையி. கண்ணாடி போட்டு, லைட்டு போட்டு, தொறந்தா தெரியிற மாதிரி.”

செம்மல் சிரித்தான். டிக்கியைத் திறந்து காட்டினான். ஸ்டெப்னி டயரை வைத்தால் அதற்கப்புறம் ஒரு மஞ்சப்பை வைக்கத்தான் இடம்.

“இந்தா பாருங்க. அடியில வச்சா மழைத்தண்ணி எறங்குச்சுன்னா நேரா மெஷின் தலையிலதான். மூடியில மாட்டுனா தூக்கித் தூக்கிச் சாத்துறதுல ஒயரு அந்து போகும்.”

“சீட்டுக்கு அடியில?”

“கையை விட்டுப் பாருங்க.”

நிலவழகன் கையை விட்டான். விரல் மட்டும்தான் போனது. வண்டியே தரையில் இருக்கும்போது சீட்டுக்கு அடியில் என்ன இடம் இருக்கும்? சீட்டுக்குப் பின்னால் கார்ப்பெட் போட்ட ஒரு திட்டு இருந்தது. அதைக் காட்டினான்.

“அதுக்கு மேல முழுக்கக் கண்ணாடி மச்சான். நம்ம ஊரு வெயிலுக்கு ஆம்ப்ளிபயர் வெந்துரும். அதுவே சூடாகுற சாமான். நாலு பக்கமும் காத்து போகணும்.” செம்மல் டிக்கியின் இடது பக்கச் சுவரைத் தட்டிக் காட்டினான். “இந்த இடம்தான். சின்னதா ஒரு பிளைவுட் பலகையை இங்க நிறுத்தி, அதுல செங்குத்தா மாட்டிருவோம். பலகைக்கும் தகரத்துக்கும் நடுவுல ஒரு விரக்கடை இடைவெளி. தண்ணியும் படாது, சூடும் நிக்காது. ஸ்டெப்னியும் அது பாட்டுக்கு இருக்கும்.”

“தொறந்தா தெரியுமா?”

“பாதி தெரியும்.”

“அது போதும்” என்று நிலவழகன் சந்தோஷமாகச் சொன்னான்.

மாடிப்படி வாசலில் வந்து நின்று இலக்கியா கூப்பிட்டாள். “அண்ணே, டீயா காப்பியா?”

அவன் டிக்கிக்குள் குனிந்திருந்தான். திரும்பவில்லை. இலக்கியா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு உதட்டைச் சுழித்துக்கொண்டு மேலே போனாள். ஆத்தா மேல் இருக்கிற கோபம் இப்போது தன் மேலும் திரும்பிவிட்டது என்று அவளுக்குப் பட்டது.

செம்மல் வேலையில் இறங்கிவிட்டால் அதிகம் பேச மாட்டான். முதலில் பேட்டரியின் ஒயரைக் கழற்றிப் போட்டான். பேட்டரியிலிருந்து ஒரு தடித்த சிவப்பு ஒயரை இழுத்து, பேட்டரிக்கு ஒரு சாண் தள்ளியே ஃபியூஸை மாட்டினான். என்ஜினுக்கும் உள்பக்கத்துக்கும் நடுவில் இருக்கிற தகரத்தில் ஓட்டை வழியாக அதை உள்ளே விடும்போது, ஓட்டையின் விளிம்பில் ரப்பர் வளையம் பொருத்தினான். தகர விளிம்பு ஒயரின் தோலை அறுத்துவிட்டால் வண்டியே எரிந்துபோகும். சிவப்பு ஒயர் வலது பக்கக் கதவோரமாகப் பின்னால் போனது. பாட்டு வருகிற ஒயரை இடது பக்கமாகக் கொண்டுபோனான்.

“ரெண்டையும் ஒண்ணா விட்டா என்ன மாப்ள?” என்று முகத்துக்கு நேராக வந்து உட்கார்ந்து கேட்டான் நிலவழகன்.

“கொய்ங்குன்னு ஒரு சத்தம் கூடவே வரும். என்ஜினை ஏத்த ஏத்த அதுவும் ஏறும்.”

“அது எனக்கு எப்பவும் கேக்குது” என்றான் நிலவழகன்.

வண்டியைத்தான் சொல்கிறான் என்று செம்மல் நினைத்துக்கொண்டான்.

டிக்கியில் எர்த் கொடுக்கிற இடத்தில் பெயிண்ட்டைச் சுரண்டி, வெள்ளித் தகரம் தெரிந்த பிறகுதான் போல்ட்டை முறுக்கினான். தார் ரோட்டிலிருந்து அனல் அடித்தது. திருச்சிக்குப் போகிற பஸ்கள் ஒவ்வொன்றும் கடைக்குள் புழுதியை வாரிவிட்டுப் போயின. இரண்டு பேரும் சட்டையைக் கழற்றிப் போட்டிருந்தார்கள். நிலவழகன் ஒயரைப் பிடித்துக்கொண்டே பேசினான்.

“அங்க ஒரு ரூமுல அம்புட்டுப் பேரு கெடப்போம் மாப்ள. மேல ஒருத்தன், கீழ ஒருத்தன். ஒருத்தன் தூங்கணும், ஒருத்தன் வேலைக்குக் கெளம்பணும். பாட்டை வெளிய விட முடியுமா? காதுல ஒயரைச் சொருகிக்கிட்டேதான் கெடந்தேன். ஊருக்கு வந்தா, சொந்தமா ஒரு வண்டி, அதுல நம்ம இஷ்டத்துக்குச் சத்தம். இது ஒண்ணுதான் நெனப்பு. மத்தவன்லாம் வீடு கட்டுனான். நானும் கட்டுனேன். ஆனா இதுதான் எனக்குன்னு வாங்குனது.”

“அங்க என்ன வேலை மச்சான் ஒங்களுக்கு? வெல்டிங்தானே?”

“வெல்டிங் பின்னாடிதான். மொத அஞ்சாறு வருஷம் கப்பலோட வயித்துக்குள்ள உக்காந்து கிரைண்டிங். இரும்புப் பானைக்குள்ள ஒக்காத்தி வச்சு வெளிய இருந்து சம்மட்டியால அடிச்சா எப்புடி இருக்கும்? அதான். காதுக்குப் பஞ்சு மாதிரி ஒண்ணு குடுப்பானுக. வேர்வையில ஊறி நமைச்சல் எடுக்கும். புடுங்கித் தூர எறிஞ்சுருவோம்.”

மத்தியானம் இலக்கியா சோறு கொண்டுவந்தாள். மணமேல்குடி கருவாட்டில் மொச்சைக்கொட்டையும் கத்திரிக்காயும் போட்டு வைத்த குழம்பு. ஒரு வாய் வைத்ததும் நிலவழகன் நிறுத்திவிட்டான்.

“ஆத்தா வச்சதா?”

“ஆமா.”

“கீழ எறங்கி வராதாமா?”

இலக்கியாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. தட்டில் குழம்பை ஊற்றிக்கொண்டே குனிந்தபடி சொன்னாள், “நீ கூப்புட்டா வரும். பெத்தவளை வாயத் தொறந்து ஒரு வார்த்தை கூப்புட ஒனக்கு என்ன வந்துச்சு?”

நிலவழகன் குழம்பைப் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். பதிலே இல்லை. இலக்கியா கிண்ணத்தை நங்கென்று வைத்துவிட்டு எழுந்தாள். அவள் எழுந்த வேகத்தைப் பார்த்துத்தான் அவன் நிமிர்ந்தான்.

“என்ன மாப்ள, கோவமா போகுது?”

“அவ கேட்டதுக்கு நீங்க பதில் சொல்லலையே மச்சான்.”

“எல்லாத்துக்கும் எம்மேல கோவம்தான்” என்றான் நிலவழகன். “ஆத்தாளுக்கு இந்தக் காரு வாங்குனது புடிக்கல. மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டே திரிஞ்சுச்சு. ஒரு நாள் ஒரு வார்த்தை பேசல. நான் என்ன தப்புப் பண்ணுனேன் மாப்ள?”

வெயில் சாய்கிற நேரத்தில் எல்லாம் மாட்டி முடிந்தது. முன்கண்ணாடி ஓரத்தில் இரண்டு சின்ன ட்வீட்டர். சன்னச் சத்தத்துக்கு அதுதான் என்பான் செம்மல். தாளம், சலங்கை, பொம்பளைக் குரலின் நுனி எல்லாம் அதிலிருந்துதான் வரும். கதவுக்குள் பெரிய ஸ்பீக்கர். பேட்டரியை மாட்டி, பாட்டைப் போட்டான். கதவுத் தகரம் அதிர்ந்தது. எதிர் டீக்கடையில் ஒருத்தர் கையைத் தூக்கி ஆடிக் காட்டினார்.

டிரைவர் சீட்டில் இருந்த நிலவழகன் முகம் சுருங்கியது.

“அடி மட்டும்தான் வருது மாப்ள. மேல் சத்தம் இல்லையே. ட்வீட்டர் வேலை செய்யல.”

செம்மல் குனிந்து காதை வைத்துப் பார்த்தான். கணீரென்று வந்துகொண்டிருந்தது. இருந்தாலும் ஒயரைக் கழற்றி மாட்டினான். இடது பக்கத்தை வலது பக்கம் மாற்றினான். “வரல” என்றான் நிலவழகன். செம்மல் கடையிலிருந்து புது ஜோடி ஒன்றைப் பிரித்துப் போட்டான். “வரல மாப்ள.” சன்னச் சத்தத்தைக் கடைசி வரைக்கும் திருகி வைத்தான். கடை வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து ஓடியது. மாடிப்படியில் நின்ற இலக்கியா, “ஐயோ, அதைக் கொறைங்களேன், காதுக்குள்ள ஊசி விட்ட மாதிரி இருக்கு” என்று கத்தினாள்.

“இப்பத்தான் லேசா வருது” என்றான் நிலவழகன்.

செம்மல் பாட்டை நிறுத்தினான். செல்போனை எடுத்தான். அளவு பார்ப்பதற்கு அவன் வைத்திருக்கிற சத்தம் ஒன்று உண்டு. கனமாக ஆரம்பித்து, மெல்ல மெல்லச் சன்னமாகிக்கொண்டே ஏறும். கடைசியில் கொசு பறக்கிற மாதிரி ஆகி மறையும்.

“மச்சான், கண்ணை மூடிக்கங்க. சத்தம் எப்ப நிக்கிதுன்னு சொல்லுங்க” என்றான்.

சத்தம் ஏறியது. மாட்டுக் குரல்போல் இருந்தது ஆள் குரலாகி, குழந்தைக் குரலாகி, விசிலாகிப் போய்க்கொண்டிருந்தது.

“நின்னுருச்சு” என்றான் நிலவழகன், கண்ணை மூடியபடியே.

இலக்கியா இரண்டு காதையும் பொத்திக்கொண்டு நின்றாள். சத்தம் காருக்குள் வீல் என்று கத்திக்கொண்டிருந்தது. செம்மல் அவளைப் பார்த்தான். அவள் மெல்லக் கையை எடுத்தாள்.

“அண்ணே” என்றாள். அவன் கண்ணைத் திறக்கவில்லை. கதவு கிட்டே வந்து குனிந்து, “அண்ணே” என்றாள் இன்னொரு தரம். அவன் கண்ணை மூடிக்கொண்டு, அடுத்து என்ன சொல்லப்போகிறார்கள் என்று காத்துக்கொண்டிருக்கிறவன் மாதிரி உட்கார்ந்திருந்தான்.

அவள் அழுதுகொண்டே மாடிக்கு ஓடினாள்.

செம்மல் பக்கத்துச் சீட்டில் ஏறி உட்கார்ந்து அவன் தோளைத் தொட்டான். முகத்துக்கு நேராகத் திரும்பி, “மச்சான், எத்தனை நாளா இப்புடி?” என்று கேட்டான்.

நிலவழகன் ஸ்டியரிங்கையே பார்த்தான். “காதுக்குள்ள வண்டு சத்தம் மாதிரி கேட்டுக்கிட்டே இருக்கும். அது ரொம்ப வருஷமா இருக்கு. அங்க சொன்னா வேலையிலருந்து தூக்கிருவான். ஊருக்கு வந்தா சரியாயிரும்னு நெனைச்சேன். இங்க எல்லாரும் முணுமுணுன்னு பேசுறாங்கன்னு இருந்துச்சு. ஒரு தடவை என்னன்னு கேக்கலாம், ரெண்டு தடவை கேக்கலாம். செவிடன்னு சொல்லிருவாங்கள்ல? கேக்காமயே இருந்துட்டேன். ஒன் கொரலு கட்டக் கொரலு, அது கேக்குது” என்றான்.

மாடியில் இலக்கியா சொன்னதை மீனம்மாள் நம்பவில்லை.

“காது கேக்கலையா? நல்லாப் பேசுறானேடி.”

“பேசுறதுக்குக் காது எதுக்கு ஆத்தா? மூஞ்சியைப் பாத்துப் பேசுனா புரிஞ்சுக்குது. சன்னமா பேசுனா கேக்கல. நான் பக்கத்துல நின்னு கூப்புட்டேன். திரும்பல.”

மீனம்மாள் காயப்போட்ட வத்தலைக் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தாள். கை அப்படியே நின்றது.

“அப்ப, அன்னைக்கு நான் சொன்னது?”

“என்னைக்கு?”

“கார்த்திகை அன்னைக்கு.” மீனம்மாள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். “மழை ஊத்திக்கிட்டு கெடந்துச்சு. கரண்டு இல்ல. வெளக்கு வச்ச நாளு, எலை போட்டு அவனுக்குச் சோறு வச்சேன். தகரத்துல தடதடன்னு மழை. அந்த இருட்டுல மூஞ்சி தெரியாததுனாலதான்டி எனக்குச் சொல்லவே வாய் வந்துச்சு. அவன்கிட்ட இப்புடித்தான் சொன்னேன். ஒங்கப்பாவுக்கு ஒடம்பு முடியாமப் போனதும் ஒனக்குச் சொல்ல வேணாம்னு சொன்னது நான்தான்ப்பா, தங்கச்சி இல்ல. நீ வந்துட்டா அந்த வேலை போயிரும், ஒன் பாடெல்லாம் வீணாப் போயிரும்னு பயந்துட்டேன். அவரு கேட்டுக்கிட்டே கெடந்தாரு, அழகு பேசுனானா, அழகு பேசுனானான்னு. பேசுனான், நீங்க தூங்கிட்டு இருந்தீங்கன்னு பொய் சொன்னேன். கடைசி வரைக்கும் அந்தப் பொய்யத்தான் சொன்னேன். என்னை மன்னிச்சிரு சாமின்னு அவன் காலைத் தொடாத கொறையா சொன்னேன்டி.”

“அதுக்கு அண்ணன் என்ன சொன்னுச்சு?”

“ஒண்ணும் சொல்லல. ரசத்தை ஊத்திச் சாப்புட்டான். எலையை மடிச்சான். எந்திரிச்சுக் கை கழுவப் போயிட்டான்.” மீனம்மாள் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். “மன்னிக்க மாட்டேன்னு வாயால சொல்லாம சொல்லிட்டுப் போறான்னு நெனச்சேன். அதுக்கப்பறம் நானும் அவன் மூஞ்சியைப் பாக்கல. பாக்கத் தெம்பு இல்ல. சமைச்சு மூடி வச்சுட்டு அங்கிட்டுப் போயிருவேன்.”

இலக்கியாவுக்கு, மூன்று மாதமாக ஆத்தாளைத் தன் வீட்டில் வைத்துக்கொண்டு, அண்ணனைக் கல்நெஞ்சுக்காரன் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்ததுதான் நினைவுக்கு வந்தது. ஒரு நாளாவது நேரில் போய் உட்கார்ந்து என்னவென்று கேட்டிருக்கலாம். அரிமளம் ஒன்றும் சிங்கப்பூரில் இல்லை.

“வா, நானே அண்ணன்கிட்டச் சொல்றேன்” என்று ஆத்தாளின் கையைப் பிடித்தாள்.

“நீ சொல்லாத. நான்தான் சொல்லணும்.”

மீனம்மாள் படியிறங்கி வந்தாள். செம்மல் அவளைப் பார்த்ததும் காரிலிருந்து இறங்கிக் கதவைப் பிடித்துக்கொண்டான். “வாங்க அத்தை.” அந்தச் சீட்டில் உட்கார அவளுக்குத் தெரியவில்லை. ஏதோ பள்ளத்தில் இறங்குகிற மாதிரி ஒரு கையைக் கதவில் ஊன்றி, உள்ளே போய்த் தொப்பென்று உட்கார்ந்தாள். நிலவழகன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். செம்மல் கதவைச் சாத்தினான்.

அவள் பேசினாள். எப்போதும் பேசுகிற மாதிரி, முகத்தைத் தாழ்த்திக்கொண்டு, மெல்ல. அவன் குனிந்து அவள் வாயைப் பார்த்தான். தலையை ஆட்டி, “கேக்கல ஆத்தா” என்றான். ஊருக்கு வந்த பிறகு அவன் அதைச் சொல்வது இதுதான் முதல் தடவை.

மீனம்மாள் நிமிர்ந்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள். ரோட்டில் ஒரு தைல மர லாரி பாரத்தோடு உறுமிக்கொண்டு போனது. அது போகும்வரைகூட அவளுக்குப் பொறுக்கவில்லை.

“நான்தான்ப்பா சொல்ல வேணாம்னேன்!” என்று கத்தினாள். “ஒங்கப்பாவுக்கு முடியலைன்னு ஒனக்குச் சொல்ல வேணாம்னு நான்தான் சொன்னேன்! அவரு ஒன்னையக் கேட்டாரு! நான் பொய் சொன்னேன்!”

கண்ணாடியைத் தாண்டி அது வெளியே கேட்டது. டீக்கடையில் பேச்சு நின்றது. பக்கத்து டயர் கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, “என்ன செம்மல், தகராறா?” என்றார். செம்மல் ஒன்றும் இல்லை என்று கையாட்டினான். மீனம்மாள் வாழ்க்கையில் அப்படி யார் முன்னாலும் கத்தியவள் இல்லை. மன்னிப்புக் கேட்கிற வார்த்தையைக் கத்திச் சொன்னால் அது சண்டை மாதிரிதான் இருந்தது. கார்த்திகை இருட்டில் சாமி என்று அவள் குழைந்து கேட்டது இதில் வரவில்லை. அதைச் சத்தம் போட்டுச் சொல்ல அவளுக்கு வாய் எழவில்லை. விஷயம் மட்டும்தான் அவனுக்குப் போய்ச் சேர்ந்தது.

நிலவழகன் கேட்டான், “இதை முன்னாடியே எங்கிட்டச் சொன்னியா ஆத்தா?”

ஆமாம் என்று அவள் தலையை ஆட்டினாள்.

“நான் என்ன செஞ்சேன்?”

“கை கழுவப் போயிட்ட!”

அவன் இரண்டு கையையும் முகத்தில் வைத்துக்கொண்டான். அப்பன் செத்த சேதி வந்தபோது அழாத அழுகையெல்லாம் அந்தச் சின்னக் காருக்குள் அன்றைக்கு வந்தது. மீனம்மாள் அவன் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். இலக்கியா கடைக்குள் போய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டாள்.

இருட்டுவதற்கு முன்னே ஆத்தாளை அதே காரில் வைத்து அரிமளத்துக்குக் கூட்டிக்கொண்டு போனான். வத்தல் பாதி காய்ந்தும் காயாமலும் இருந்தது. அதையும் ஒரு பையில் கட்டி மடியில் வைத்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் செம்மல் அவனைத் திருச்சிக்குக் கூட்டிப்போனான். ஒரு கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்துச் சோதித்துவிட்டு, டாக்டர் நேராகவே சொல்லிவிட்டார். உள்நரம்பு போய்விட்டது. போனது திரும்பாது. முதலில் போவது சன்னமான சத்தங்கள்தான். பொம்பளைக் குரல், பிள்ளைக் குரல், மெல்லப் பேசுகிற பேச்சு. மெஷின் வைத்தால் கொஞ்சம் தேவலாம். அஞ்சாறு வருஷத்துக்கு முன்னால் வந்திருந்தால் மிச்சத்தையாவது காப்பாற்றியிருக்கலாம் என்றார். அதைக் கேட்டு நிலவழகன் சிரித்தான்.

மெஷின் வாங்கினான். ஆனால் அதைப் போட்டால் பாத்திரம் உருள்வதும் காக்கை கத்துவதும் மண்டைக்குள் அடிக்கிறது என்று பாதி நேரம் கழற்றி வைத்துவிடுகிறான். காரில் பாட்டு கேட்பதும் குறைந்துவிட்டது. சன்னச் சத்தத்தை அவனுக்கு ஏற்றபடி வைத்தால் கூட உட்காருகிறவர்கள் காதைப் பொத்துகிறார்கள். அவர்களுக்கு ஏற்றபடி வைத்தால் அவனுக்குப் பாட்டில் பாதி இல்லை. “நீ நல்லாத்தான் மாட்டியிருக்க மாப்ள” என்று பார்க்கும்போதெல்லாம் செம்மலிடம் சொல்கிறான். செம்மலுக்கு அதைக் கேட்கும்போதுதான் சங்கடமாக இருக்கிறது.

மீனம்மாள் இப்போது மகனோடுதான் இருக்கிறாள். வயலுக்குப் போகிறாயா என்பதிலிருந்து ரசம் ஊற்றவா என்பது வரைக்கும் எல்லாவற்றையும் தொண்டை கிழியக் கத்தித்தான் சொல்கிறாள். அவனும் பதிலுக்குக் கத்துகிறான். அப்பாவின் கடைசி நாட்களைப் பற்றி அவன் கேட்க, அவள் சொல்வதும் அப்படித்தான். மெல்லப் பேசுகிற பழக்கமே அவளுக்கு விட்டுப்போய், கோயிலுக்குப் போனாலும் சாமி முன்னால் சத்தமாகவே வேண்டிக்கொள்கிறாள். அரிமளத்தில் அந்தத் தெருவில் இருப்பவர்கள், ஆத்தாளுக்கும் மகனுக்கும் இன்னும் சண்டை தீரவில்லை என்றுதான் பேசிக்கொள்கிறார்கள்.